ஒட்டவில்லை என்றால் நெகட்டிவ் என்று பொருளா?

கேள்வியின் சுருக்கம்: கல்லூரி முகாமில் எனக்கு பி நெகட்டிவ் என்று அட்டை கொடுத்தார்கள். இப்போது ரத்த தானம் செய்யப் போன இடத்தில் பி பாசிட்டிவ் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நீலம், மஞ்சள், நிறமில்லாதது என்று அதே மூன்று சொட்டு மருந்துதானே? எதை நம்புவது? என் மனைவி ஏ நெகட்டிவ், ஏழு மாதக் கர்ப்பிணி. 28ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். அதன் பிறகு எடுத்த ஐசிடி சோதனை ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்:

உங்கள் ரத்தம் மாறவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்ற அபூர்வமான சூழ்நிலைகளை விட்டுவிட்டால், ரத்த வகை நடுவில் மாறுவதில்லை. முகாமில் சொன்னதும் ரத்த வங்கியில் சொன்னதும், அந்தந்தச் சோதனையின் எல்லைக்குள், இரண்டுமே நேர்மையான முடிவுகளாக இருக்கலாம். அந்த எல்லை எங்கே வருகிறது என்பதைச் சொன்னால் உங்கள் மனைவியின் அறிக்கையும் சேர்ந்தே விளங்கிவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மருந்து.

முதலில் அந்த மூன்று குப்பிகள். நீலத்தில் ஆன்டி-ஏ, மஞ்சளில் ஆன்டி-பி, நிறமில்லாததில் ஆன்டி-டி. அணுவில் டி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நிறத்துக்கு வேதியியல் வேலை ஒன்றும் கிடையாது. அவசரத்தில் குப்பி மாறிவிடக் கூடாது என்பதற்காகச் சேர்க்கும் சாயம் அது. உள்ளே வேலை செய்வது எதிர்ப்பொருள். சிவப்பணுவின் மேற்பரப்பில் தனக்கு உரிய ஆன்டிஜென், அதாவது அடையாளப் பொருள், இருந்தால் அதைப் பற்றிக்கொள்ளும். பக்கத்து அணுவையும் பற்றி இழுக்கும். அணுக்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரளும். 1901இல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் ஒருவர் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீரை) இன்னொருவர் சிவப்பணுவோடு மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தபோது கண்டது இந்தத் திரட்சியைத்தான். அதற்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு ஆன்டி-ஏ வேண்டுமென்றால் பி வகைக்காரர் ஒருவரின் சீரத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒருவருடையது வீரியமாக இருக்கும், இன்னொருவருடையது சவசவவென்று இருக்கும். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் எதிர்ப்பொருள் சுரக்கும் எலி அணுவைப் புற்று அணு ஒன்றோடு இணைத்து, சாகாமல் ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும் அணு வரிசையை உருவாக்கினார்கள். அவர்கள் முதலில் எடுத்த எதிர்ப்பொருள் எதற்கு எதிரானது தெரியுமா? ஆட்டின் சிவப்பணுவுக்கு எதிரானது. ரத்த வங்கிக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. இன்று உங்கள் விரல் ரத்தத்தோடு கலக்கும் மூன்று மருந்தும் பெரும்பாலும் இந்த முறையில் வந்தவை. மோனோகுளோனல் என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கும்.

ஏ, பி இரண்டையும் கண்டுபிடிப்பது எளிது. ஏ வகையின் உட்பிரிவான ஏ1 சிவப்பணு ஒன்றின் மேல் ஏறத்தாழ எட்டு முதல் பத்து லட்சம் ஏ ஆன்டிஜென்கள் இருக்கின்றன. நல்ல ஆன்டி-ஏ சில நொடிகளிலேயே அவற்றைத் திரட்டிவிடும். டி ஆன்டிஜெனோ சாதாரண ஆர்எச் பாசிட்டிவ் அணுவிலேயே பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வரைதான். சிலருக்கு அதைவிட மிகக் குறைவு. சில நூறுகூட இருக்கலாம். இன்னும் சிலருக்கு டி புரதத்தின் ஒரு துண்டு மாறியோ இல்லாமலோ இருக்கும். முகாமில் கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சொட்டு மருந்து, ஒரு சொட்டு ரத்தம், குச்சியால் கலக்கி இரண்டு நிமிடம் பார்க்கும் சோதனையில் இப்படிப்பட்ட அணுக்கள் திரளாமலே போகலாம். அதைப் பார்க்கிறவர் நெகட்டிவ் என்றுதான் எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கேதான் ரத்த வகை பார்க்கும் என் தொழிலின் மையச் சிக்கல் இருக்கிறது. திரண்டால் அது தானே பேசிவிடும். திரளவில்லை என்றால் இரண்டு பொருள்: ஆன்டிஜென் இல்லை, அல்லது இருந்தும் நமக்குத் தெரியவில்லை. ரத்த வங்கியின் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்த மூன்று குப்பிகளைத் தவிர டஜன் கணக்கில் மற்றவை இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகவே வாங்கி வைத்தவை.

உங்கள் விஷயத்தில் ரத்த வங்கி செய்தது, எளிதில் தெரியாத டியைத் தேடும் வீக் டி சோதனையாக இருக்கும். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள் பெரியது, பத்துப் பிடிகள் கொண்டது; அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு அணுக்களைச் சேர்த்துவிடும். ஐஜிஜி சிறியது. அணுவின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அடுத்த அணுவை எட்டிப் பிடிக்க முடியாது. அணுக்கள் எதிர்ப்பொருளால் மூடப்பட்டிருந்தாலும் குழாயில் ஒன்றும் நடக்காதது போலவே தெரியும். அதனால் ஆன்டி-டி மருந்துகளில் இரண்டையும் கலந்து தயாரிப்பவை உண்டு. உடனே பார்ப்பதற்கு ஐஜிஎம். முதலில் திரளாத ரத்தத்தை 37 டிகிரி வெப்பத்தில் வைத்து அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்ல ஐஜிஜி.

அந்த அடுத்த கட்டம்தான் கூம்ஸ் சோதனை. 1945இல் கூம்ஸ், மோரன்ட், ரேஸ் ஆகிய மூவர் இதை வெளியிட்டார்கள். மனித எதிர்ப்பொருளையே ஓர் அந்நியப் பொருளாக முயலுக்குச் செலுத்தினால், முயல் அதற்கு எதிரான எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். அந்த முயல் சீரத்தை எடுத்து, ஐஜிஜி போர்த்திய சிவப்பணுக்களோடு சேர்த்தால் எட்டாத இடைவெளி எட்டிவிடும், அணுக்கள் திரளும். இதே யோசனையை மொரெஸ்கி என்பவர் 1908ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார் என்பதும், அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பதும் மருத்துவ வரலாற்றில் எனக்குப் பிடித்த சங்கடங்களில் ஒன்று. இன்று குப்பியில் பச்சை நிறத்தில் வரும் ஆன்டி-ஹியூமன் குளோபுலின் இதுதான்.

பச்சை மருந்தைச் சேர்ப்பதற்கு முன் அணுக்களை உப்புநீரில் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டும் இருக்கின்றன. கழுவாமல் விட்டால் அந்த மிதக்கும் ஐஜிஜியே மருந்து முழுவதையும் தின்றுவிடும். அணுவின் மேல் இருக்கும் ஐஜிஜிக்கு ஒன்றும் மிஞ்சாது. குழாயில் திரட்சி இருக்காது. அறிக்கையில் நெகட்டிவ் என்று வரும். சோதனை நடக்கவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. இதற்கு ஆய்வகங்கள் கண்ட தீர்வு எளிமையானது. திரளாத ஒவ்வொரு குழாயிலும், ஏற்கெனவே ஐஜிஜி போர்த்திய ஓ வகை அணுக்களில் ஒரு சொட்டைக் கடைசியில் விட வேண்டும். பச்சை மருந்து இன்னும் உயிரோடு இருந்தால் அவை திரண்டாக வேண்டும். திரளவில்லை என்றால் அந்த நெகட்டிவ் செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆய்வகத்தில் இவற்றை கூம்ஸ் கன்ட்ரோல் செல்கள் என்பார்கள். புதிதாகச் சேரும் டெக்னீஷியன் இதைத் தவறாமல் செய்கிறாரா என்பதை வைத்தே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்பது என் கருத்து.

ஆகவே உங்கள் பி நெகட்டிவும் பி பாசிட்டிவும் இப்படித்தான் பிரிந்திருக்கும். ரத்தம் கொடுக்கும்போது உங்களைப் பாசிட்டிவ் என்றே எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் உங்கள் அணுவில் உள்ள சொற்ப டி கூட ஒரு நெகட்டிவ் நோயாளியின் உடலைத் தூண்டிவிடலாம். ரத்தம் வாங்கும் நிலை வந்தால் பல மருத்துவமனைகள் உங்களுக்கு நெகட்டிவ் ரத்தமே கொடுக்க விரும்பும். டி புரதத்தில் ஒரு பகுதி இல்லாதவராக நீங்கள் இருந்தால், முழு டி உள்ள ரத்தம் ஏற்றினால் இல்லாத அந்தப் பகுதிக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். இதனாலேயே நோயாளிகளுக்கான ஆன்டி-டி மருந்துகளை, அப்படிப் பகுதி இல்லாத டி-6 என்ற ஒரு வகையை வேண்டுமென்றே பிடிக்காதபடி தேர்ந்தெடுக்கிறார்கள். கொடையாளர்களுக்கு அதைப் பிடிக்கும் மருந்து. ஒரே மனிதர் ஒரே கட்டிடத்தில் இரண்டு வகையாக எழுதப்படுவது கேட்பதற்கு வினோதமாக இருந்தாலும், அதில் பிழை இல்லை.

முகாமில் நடந்தது வேறாகவும் இருக்கலாம். இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, வெயிலில் மேசையில் கிடக்கவும் கூடாது. கலங்கலாகத் தெரிந்தால் கிருமி புகுந்திருக்கலாம். நல்ல ஆய்வகம் தினமும் காலையில் வகை தெரிந்த அணுக்களோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் குப்பியைப் பயன்படுத்தும். மருந்தை நீர்த்துக்கொண்டே போனாலும் எதுவரை வேலை செய்கிறது, எத்தனை நொடியில் திரட்டத் தொடங்குகிறது என்று இரண்டு அளவுகள் உண்டு. ஆன்டி-ஏ, 1:256 வரை நீர்த்த பிறகும் ஏ1 அணுக்களைத் திரட்ட வேண்டும் என்பது நம் நாட்டு ரத்த வங்கிகளில் வழக்கமான எதிர்பார்ப்பு. சந்தைக்கு வரும் தொகுதிகளைச் சோதிக்கும் ஆய்வகம் நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் நிறுவனத்தில் இருக்கிறது. அங்கே தேறிய குப்பியையும் நண்பகலில் ஒரு பந்தலில் கெடுத்துவிட முடியும்.

‘நெகட்டிவை எவ்வளவு நம்பலாம்’ என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் நாட்டிலேயே கிடைத்தது. 1952இல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த வகை அது. ஆன்டி-ஏ போட்டால் திரளாது, ஆன்டி-பி போட்டாலும் திரளாது. ஆகவே ஓ வகை என்று எழுதிவிடுவோம். ஆனால் ஓ வகை ரத்தத்தை ஏற்றினால் ஆபத்து. ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான எச் என்ற ஆன்டிஜெனே இவர்களிடம் இல்லை. ஓ ரத்தத்தில் அது ஏராளமாக இருக்கிறது. ரத்த வங்கிகளில் முன்னும் பின்னுமாக இரண்டு முறை வகை பார்ப்பதன் அருமை இங்கே தெரியும். முதலில் உங்கள் அணுவை மருந்தோடு சேர்ப்பார்கள், பிறகு உங்கள் சீரத்தை வகை தெரிந்த அணுக்களோடு சேர்ப்பார்கள். பின்முறையில் ஏ, பி அணுக்களை மட்டும் வைத்தால் பம்பாய் வகைக்காரர் அப்போதும் ஓ போலவே தப்பிவிடுவார். கூடவே ஓ அணுக்களையும் ஒரு குழாயில் வைத்திருந்தால்தான் அது திரண்டு காட்டிக்கொடுக்கும்.

அதை உறுதிசெய்ய ஆன்டி-எச் என்ற மருந்து வேண்டும். அது வழக்கமாக எலியிடமிருந்தோ முயலிடமிருந்தோ வருவதில்லை. யூலெக்ஸ் யூரோப்பியஸ் என்ற முட்புதரின் விதையிலிருந்து எடுப்பது. ஊட்டிப் பக்கம் போயிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் பூவோடு புல்வெளிகளை ஆக்கிரமித்து நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்து நீலகிரியில் களையாகிவிட்ட செடி. சில தாவர விதைகளில் உள்ள லெக்டின் என்ற புரதங்கள் எதிர்ப்பொருள் போலவே சிவப்பணுவைத் திரட்டும் என்பது, 1888இல் ஆமணக்கு விதையை ஆராய்ந்த ஸ்டில்மார்க் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். இன்னொரு லெக்டின் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏ வகையை ஏ1, ஏ2 என்று பிரிக்க உலகம் முழுவதும் பயன்படும் ‘டாலிகோஸ் பைஃப்ளோரஸ்’ சாறு நம் கொள்ளுதான். 1951இல் ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் இந்தியாவில் இருந்தபோது இதைக் கண்டறிந்தார். கொள்ளுச் சாற்றை அப்படியே போட்டால் ஏ2 அணுவும் திரளும். சரியான அளவுக்கு நீர்த்தால்தான் ஏ1 மட்டும் திரளும். திரளவைப்பதைவிட, திரள வேண்டாதது திரளாமல் இருக்கும் அளவைப் பிடிப்பதுதான் அந்த மருந்தைத் தயாரிப்பவரின் திறமை. (கொள்ளு ரசம் குடித்தால் ரத்தம் திரளுமா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். திரளாது. வேகும்போதே லெக்டின் கெட்டுவிடும்.)

திரட்சி தானே பேசும் என்று மேலே எழுதினேன். அதற்கும் விலக்கு உண்டு. 1990களில் இஎஸ்-4 என்ற அணு வரிசையிலிருந்து வந்த ஆன்டி-பி மருந்து மிகவும் வீரியமானது என்று பெயரெடுத்திருந்தது. பெருங்குடல் புற்றுநோய் போன்றவற்றில் கிருமிகளின் நொதி ஏ ஆன்டிஜெனைச் சற்றே சிதைத்துவிடும். சிதைந்தது பி போலத் தோன்றும். பழைய மருந்துகள் பல அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த மருந்தோ அதையும் பிடித்து, ஏ வகை நோயாளிகளை ஏபி என்று காட்டியது. பின்முறைச் சோதனையில் அவர்களின் சீரம் பி அணுக்களைத் திரட்டியதைக் கவனித்த இடங்களில் ஆபத்து தவிர்க்கப்பட்டது. மருந்தின் அமிலத்தன்மையைச் சற்றுக் கூட்டி அந்தத் தொல்லையைப் பிறகு குறைத்தார்கள். எல்லாக் குப்பிகளிலும் திரண்டு ஏபி பாசிட்டிவ் என்று வந்தால், எதிர்ப்பொருளே இல்லாத கட்டுப்பாட்டுத் திரவம் ஒன்றிலும் ஒரு சொட்டுப் போட்டுப் பார்ப்பது இதே எச்சரிக்கையால்தான். அதிலும் திரண்டால், ரத்தம் தானாகவே திரளும் ரத்தம்.

ரத்த வகைக்கு வெளியே, நோய்த்தொற்று பார்க்கும் சோதனைகளிலும் இந்தத் தொல்லை தொடர்கிறது. டைபாய்டுக்குச் செய்யும் வைடல், புரூசெல்லா போன்றவற்றில் திரட்சி இல்லை என்றால் எதிர்ப்பொருள் இல்லை என்று நினைப்போம். எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தாலும் திரளாது; ஒவ்வொன்றும் தனித்தனியே ஒட்டிக்கொண்டு வலைப்பின்னல் உருவாகாமல் போய்விடும். அதே சீரத்தை நீர்த்தால் திடீரென்று திரளும். ஒரே ஒரு நீர்ப்பில் பார்த்து நெகட்டிவ் என்று எழுதும் பழக்கத்தை இதனாலேயே நான் விரும்புவதில்லை.

இனி உங்கள் மனைவியின் அறிக்கை. ஐசிடி என்பது அதே கூம்ஸ் சோதனையின் மறைமுக வடிவம். அவர் சீரத்தில் சிவப்பணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிதக்கிறதா என்று பார்க்க, அந்தச் சீரத்தை வெளியிலிருந்து வந்த ஓ வகை அணுக்களோடு 37 டிகிரியில் வைத்து, கழுவி, பச்சை மருந்தைச் சேர்க்கிறார்கள். அவருக்கு 28ஆவது வாரத்தில் போட்ட ஊசி என்ன? ஆன்டி-டி இம்யூனோகுளோபுலின், குழந்தையின் டி அணுக்களுக்கு எதிராக அவர் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்காமல் தடுக்கும் ஊசி. அதுவே எதிர்ப்பொருள்தான். வழக்கமான 300 மைக்ரோகிராம் அளவு ஊசி போட்ட பிறகு பல வாரங்களுக்கு ஐசிடி லேசாகப் பாசிட்டிவ் காட்டுவது இயல்பு. நாமே உள்ளே செலுத்தியதை நாமே திரும்பக் கண்டுபிடிக்கிறோம், அவ்வளவுதான். அதனால் ஊசி போடுவதற்கு முன் எடுத்த ஐசிடி நெகட்டிவாக இருந்ததா என்று முதலில் கேளுங்கள். இருந்தது என்றால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

முன் அறிக்கை இல்லை என்றால் இரண்டு விவரங்கள் வேண்டும்: எந்த எதிர்ப்பொருள், எவ்வளவு. முதலாவதைக் கண்டுபிடிக்க, ஆன்டிஜென் விவரம் தெரிந்த பல கொடையாளர்களின் அணுக்கள் கொண்ட தொகுப்பு ஒன்று ரத்த வங்கியில் இருக்கும். எந்தெந்த அணுக்கள் திரள்கின்றன என்று பார்த்து, வந்திருப்பது ஆன்டி-டி மட்டுமா, ஆன்டி-சி அல்லது ஆன்டி-கெல் போன்ற வேறொன்றா என்று சொல்லிவிடுவார்கள். வேறொன்றாக இருந்தால் அது பெரும்பாலும் ஊசியால் வந்ததாக இருக்காது. அளவை, அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் திரட்சி வருகிறது என்பதை, டைட்டர் என்பார்கள். ஊசியால் வரும் ஆன்டி-டியின் டைட்டர் 4ஐத் தாண்டுவது அபூர்வம். அடுத்தடுத்த மாதிரிகளில் அது ஏறிக்கொண்டே போனால் உடலே உண்டாக்குகிறது என்று பொருள். 16 அல்லது 32 என்ற எல்லையை எட்டினால் மருத்துவர் குழந்தையின் மூளை ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்கத் தொடங்குவார். வெறும் ‘ஐசிடி பாசிட்டிவ்’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது.

உங்கள் இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மனைவி நெகட்டிவ், கணவரும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவாகவே இருக்கும், ஊசி தேவையில்லை என்று கணக்குப் போடும் வழக்கம் உண்டு. உங்கள் பழைய அட்டையை யாராவது நம்பியிருந்தால் இந்த ஊசியே போடாமல் விட்டிருக்கலாம். சிலருக்கு டி மரபணு முழுமையாகவே இருக்கும். இணைக் குரோமோசோமில் உள்ள சி என்ற ஆர்எச் மரபணுவின் தாக்கத்தால் டி அடங்கித் தெரியும். குழந்தைக்கு அந்த டி போய், தாயிடமிருந்து அந்த சி வராமல் இருந்தால், குழந்தையின் டி அடங்காமல் முழு வலிமையோடு வெளிப்படும். ஆகவே நீங்கள் வீக் டி என்றாலும் மனைவியின் விஷயத்தில் பாசிட்டிவ் என்றே நடந்துகொள்ளுங்கள்.

ரத்த வங்கியில் உங்கள் அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். வீக் டி என்று கண்டிருந்தால் அதை வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். அதன் நகலை மகப்பேறு மருத்துவரின் கோப்பில் சேருங்கள், கல்லூரி அட்டையைக் கிழித்துவிடுங்கள். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை வகை பார்க்க அனுப்பச் சொல்லுங்கள். முதல் சோதனையில் டி நெகட்டிவ் என்று வந்தால் வீக் டி சோதனையும், குழந்தையின் அணுக்கள் மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் நேரடிக் கூம்ஸ் சோதனையும் செய்யும்படி எழுதிக் கேளுங்கள். கொடியில் உள்ள வழவழப்பான ஜெல்லி கலந்தால் அணுக்கள் பொய்யாகத் திரளும், அதனால் அந்த அணுக்களை நன்றாகக் கழுவ வேண்டும் என்பது ஆய்வகத்துக்குத் தெரியும். 28ஆவது வாரத்து ஊசியால் குழந்தையின் நேரடிக் கூம்ஸ் லேசாகப் பாசிட்டிவ் காட்டலாம். மஞ்சள் காமாலை இல்லையென்றால் அதற்காகக் கலங்க வேண்டாம். குழந்தை டி பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் உங்கள் மனைவிக்கு அடுத்த ஊசியைப் போட்டாக வேண்டும். ‘ஏற்கெனவே ஐசிடி பாசிட்டிவ்தானே, இனி எதற்கு’ என்று யாராவது சொன்னால், அது முதல் ஊசியால் வந்த பாசிட்டிவ் என்பதை எடுத்துச் சொல்லி, முந்தைய அறிக்கையைக் காட்டுங்கள்.